நஞ்சுக்கும் ஒரு நிறுவைக் கணக்கு



தோட்டத்தில் வாழும் நமக்கு நிறுவை என்பது புதிதன்று. பால் வெட்டி முடித்து, வாளிகளைச் சுமந்து வந்து நின்றால், கிராணி ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, பெயருக்கு நேரே எழுதுவார். எழுதாத பாலுக்குக் கூலி இல்லை. அந்தப் பாலில் அமிலம் ஊற்றி உறைய வைத்த பிறகு மிஞ்சும் கழிவு நீர் எங்கே போகிறது? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஓடை புளித்த வாடையோடு வெளுத்து ஓடும். அதில் எவ்வளவு அமிலம் கலந்தது என்று எவரும் நிறுக்கவில்லை, எவரும் எழுதவில்லை. ஓடையின் கீழ்ப்புறம் குடியிருந்தவர்களுக்கும் தெரியாது.

ஆலைக்குள் வரும் பொருளுக்குக் கணக்கு இருக்கிறது. வெளியே போகும் நஞ்சுக்குக் கணக்கு இருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியின் வரலாற்றைச் சிங்கப்பூரிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

சிங்கப்பூருக்குப் போகிற நம்மவர்கள் தேக்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இன்று பூமாலையும் மளிகையும் மணக்கும் அந்தச் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழிலின் இடம். கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு என்னும் பெயர்களே அதற்குச் சாட்சி. மலாய் மொழியில் கெர்பாவ் என்றால் எருமை. கெர்பாவ் ரோட்டில் பல வண்ணம் பூசிய பழைய மாளிகை ஒன்று நிற்கிறது. 1900 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்த வீட்டின் சொந்தக்காரர் டான் டெங் நியா என்ற சீன முதலாளி. மிட்டாய் ஆலைகளை நடத்திய அவர், ரப்பரைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையும் அதே சாலையில் வைத்திருந்தார். அந்தப் புகையின் வாடையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வட்டாரத்தின் ஓரத்தில் ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. காலாங் படுகையில் போய்ச் சேரும் நீர் அது. வீடு, சந்தை, பட்டறை, பண்ணை எல்லாவற்றின் கழிவும் பல காலம் இத்தகைய நீர்வழிகளில்தான் கலந்தது. 1977 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று இலக்கு வைத்தார்.

அதிகாரிகள் உடனே ஆற்றில் இறங்கித் தூர் வாரவில்லை. அழுக்கு எங்கெங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டறிந்தார்கள். காலாங் படுகையில் மட்டும் 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள் என்று கணக்கு வந்தது. பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோர வியாபாரிகள் அங்காடி நிலையங்களுக்கும், குடிசைவாசிகள் அடுக்குமாடி வீடுகளுக்கும் மாறினார்கள். சிங்கப்பூர் ஆற்றின் சரக்குத் தோணிகள் 1983 இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. பிழைப்பையும் பழகிய இடத்தையும் இழந்தவர்கள் பெரும்பாலும் சிறு தொழிலாளிகளே என்பதை நாம் மறக்கக் கூடாது. 1987 இல் பணி நிறைவேறியது. 2008 இல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு, ரோச்சோர் நீரும் நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகி, சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது.

பண்ணையை எண்ணிவிடலாம், பெரிய ஆலையின் புகையை எப்படி எண்ணுவது? 1961 முதல் ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியது. 1970 இல் பிரதமர் அலுவலகத்தின் கீழ்த் தூய்மைக்கேட்டைத் தடுக்கும் தனிப் பிரிவு அமைந்தது. 1971 இல் தூய காற்றுச் சட்டமும், 1976 இல் ஆலைக் கழிவு நீருக்கான விதிகளும் வந்தன. ஒரு லிட்டர் நீரில் இன்ன பொருள் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள்.

வரம்பு நல்லதே. ஆனால் வரம்பு வேறு, மொத்தக் கணக்கு வேறு. ஒரு குவளை நீரில் ஒரு சிட்டிகை உப்பு இருந்தால் பெரிதல்ல. அதே நீரை நாள்தோறும் நூறு அண்டா கொட்டினால், ஆண்டு முடிவில் எத்தனை மூட்டை உப்பு! அந்த மூட்டைக் கணக்கை உலகுக்கு உணர்த்தியது ஒரு பெரும் சாவு.

1984 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு, போப்பால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து மெதில் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓடியவர்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. மருத்துவர்களுக்கோ எந்த வாயுவுக்கு மருத்துவம் செய்கிறோம் என்பதே தெளிவாகத் தெரியவில்லை. ஆலைச் சுவருக்குள் என்ன இருந்தது என்பதை வெளியில் வாழ்ந்தவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டே அமெரிக்காவிலும் அதே நிறுவனத்தின் ஆலை ஒன்றில் கசிவு ஏற்பட்டது. 1986 இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு நச்சுப் பொருளையும் ஓராண்டில் காற்றில் எவ்வளவு விட்டோம், நீரில் எவ்வளவு, நிலத்தில் எவ்வளவு, வேறிடத்துக்கு அனுப்பியது எவ்வளவு என்று ஆலைகள் ஆண்டுதோறும் எழுதித் தர வேண்டும். 1987 ஆம் ஆண்டின் கணக்கே முதல் கணக்கு. அதைவிடப் பெரிய செய்தி, அந்த ஏடு மக்களுக்குத் திறந்திருக்கும் என்பதுதான். தன் வீட்டுக்குப் பக்கத்து ஆலை என்ன வெளியேற்றுகிறது என்பதை யாரும் பார்க்கலாம். பெயரோடு வெளிவந்த கணக்கைக் கண்டு வெட்கப்பட்டுக் கழிவைக் குறைத்த முதலாளிகளும் உண்டு. ஜப்பான் 1999 இல் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது.

சிங்கப்பூரிலும் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. 2019 முதல், ஆண்டுக்கு 2,000 டன்னோ அதற்கு மேலோ கரியமில வாயு போன்ற வெப்ப வாயுக்களை வெளியிடும் தொழிற்கூடங்கள், தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் ஆண்டுதோறும் கணக்குத் தர வேண்டும். 25,000 டன்னை எட்டினால் வரியும் உண்டு. டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய அந்த வரி, 2024 இல் 25 வெள்ளியானது. இது பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கு. நச்சுப் பொருள் ஒவ்வொன்றின் கணக்கும் அன்று. ஆயினும் புகையையும் நிறுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நீரிணைக்கு இக்கரையில், ஜொகூர் பாசிர் கூடாங்கில், 2019 மார்ச்சில் யாரோ இரசாயனக் கழிவைக் கிம் கிம் ஆற்றில் கொட்டினார்கள். பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவன் ஏட்டில் எழுத மாட்டான் என்பது உண்மையே. ஆனால் இந்த ஆலையில் இவ்வளவு கழிவு உண்டாகிறது, இன்ன இடத்துக்கு இவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று இரு முனையிலும் கணக்கு இருந்தால், இடையில் காணாமற்போனதைக் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

பெற்றோர்களே, கிராணி நம் பாலை நிறுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறோம். அது நம் உழைப்பு. பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. நம் பிள்ளைகள் மூச்சில் இழுக்கும் காற்றும், குடிக்கும் நீரும் அதைவிடச் சிறியவை அல்ல. தோட்டத்தில் தெளிக்கும் மருந்தின் பெயர் என்ன, கழுவிய நீர் எங்கே போகிறது என்று கேட்பதில் தொடங்குங்கள். கேட்ட பதிலை நாள் குறித்து எழுதி வையுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும்.