பதிலாள் உரிமையும் இலண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தோற்றமும்

இலண்டன் சிம்பொனி இசைக்குழு 1904ஆம் ஆண்டில் தோன்றியமைக்குக் கலைக்கொள்கை எதுவும் காரணமன்று. பிழைப்பு பற்றிய பூசலே காரணம். ஒழுங்கை விரும்பிய நடத்துநருக்கும் ஒழுங்குக்கு உட்படாத இசைஞர்க்கும் நேர்ந்த மோதலாக மட்டும் இதனைக் காண்பது, இசைஞரின் வருவாய் நிலையைக் கணக்கிற் கொள்ளாத பார்வையாகும்.

அக்கால இலண்டனில் சிம்பொனிக் கச்சேரிகளை மட்டும் நம்பி இசைஞர் வாழ இயலவில்லை. நாடக அரங்கு, இசைநாடகம், வெளியூர் இசைவிழா என அழைப்புக்கு அழைப்பு ஊதியம் பெற்றே குடும்பம் நடத்தினர். மிகுதியாகப் பணம் தரும் அழைப்பு வரின், முன்பு ஒப்புக்கொண்ட இடத்திற்குத் தமக்கு மாற்றாக ஒருவரை அனுப்பிவிடுவர். இதுவே பதிலாள் முறை. ஒத்திகைக்கு வந்தவர் ஒருவர், மேடையில் அமர்ந்தவர் வேறொருவர் என்பதும் உண்டு. ஒத்திகையில் திருத்திய பிழை கச்சேரியில் மீண்டும் ஒலிக்க இதனினும் எளிய வழி இல்லை.

குயின்ஸ் ஹால் இசைக்குழுவின் நடத்துநர் ஹென்றி வுட் 1904இல் இம்முறையை ஒழித்தார். கலைநோக்கில் அவர் செயல் சரியானதே. ஆயினும் வெளிவருவாயைக் கைவிட வேண்டியிருந்தோர்க்கு அது வயிற்றுப்பாட்டுச் சிக்கல். நாற்பதுக்கும் மேற்பட்டோர் விலகினர். ஹார்ன் இசைஞர்களான அடால்ஃப் போர்ஸ்டார்ஃப், தாமஸ் பஸ்பி, ஹென்றி வான் டெர் மீர்ஷென் ஆகியோரும் டிரம்பெட் இசைஞர் ஜான் சாலமனும் முன்னின்றனர். அவர்கள் அமைத்த புதிய குழுவில் இசைஞரே உரிமையாளர். நிருவாகிகளைத் தேர்ந்தெடுப்போரும் நடத்துநரை அழைப்போரும் இலாபத்தைப் பகிர்வோரும் அவர்களே. 1904 ஜூன் 9 அன்று, வுட்டின் களமாகிய அதே குயின்ஸ் ஹாலில், ஹான்ஸ் ரிக்டர் நடத்த முதற்கச்சேரி நிகழ்ந்தது. 1899இல் ரிக்டர் அரங்கேற்றிய எல்கரின் ‘எனிக்மா’ மாறுபாடுகளும் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியும் அதில் இடம்பெற்றன. வுட் மனக்கசப்பின்றி அவையில் அமர்ந்து கேட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

உரிமையாளராதல் இழப்புக்கும் உரிமையாளராதலே. இலாபம் இல்லாத பருவத்தில் பகிர்வதற்கும் ஏதுமில்லை; எனவே வெளிவருவாயின் தேவை புதிய அமைப்பிலும் நீங்கவில்லை. 1930இல் பி.பி.சி. சிம்பொனி இசைக்குழு நிலையான ஊதியத்துடன், பதிலாளுக்கு இடமின்றி அமைக்கப்பட்டது. 1932இல் தாமஸ் பீச்சம் இலண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நிறுவினார். இவற்றின் துல்லியத்தோடு ஒப்பிடப்பட்டபோது, 1904இல் உரிமையாகக் காக்கப்பட்டது குறையாகவே தெரிந்தது.

1955இல் இப்பூசல் குழுவின் உள்ளேயே எழுந்தது. திரைப்பட இசைப்பதிவுகள் நல்ல வருவாய் தந்தன. அவற்றை நாடிய முதன்மை இசைஞர்க்கும், கச்சேரிப் பணிக்கே முதலிடம் வேண்டிய நிருவாகத்திற்கும் இடையே உடன்பாடு ஏற்படவில்லை. வுட் நின்ற இடத்தில் இப்போது நின்றவர்கள், இசைஞர் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுத்த நிருவாகிகள். முதன்மை இசைஞர் பலர் விலகிச் சின்ஃபோனியா ஆஃப் லண்டன் என்னும் பதிவுக்குழுவைத் தொடங்கினர். அவர்தம் வெற்றிடங்களை நிரப்ப வந்த இளையோருள் ஹார்ன் இசைஞர் பேரி டக்வெல், கிளாரினெட் இசைஞர் ஜெர்வாஸ் டி பெயர் ஆகியோர் அடங்குவர்.