கலிபோர்னியாவில் பாதாம் சாகுபடி

பாதாம் (வாதுமை) ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த மரம்; பீச், பிளம் மரங்களுக்கு நெருங்கிய உறவு. குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் நிலவும் மத்தியதரைக்கடல் வகைத் தட்பவெப்பம் இதற்கு ஏற்றது. இன்று உலகச் சந்தைக்கு வரும் பாதாம் பருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பெரும்பாலும் அதன் மத்தியப் பள்ளத்தாக்கில் விளைகிறது. அங்கே கோடையில் மழை இல்லாததால் காய் மரத்திலேயே வெடித்து, உதிர்த்த பின் தரையில் கிடந்தே காய்ந்துவிடும். மரத்துக்குத் தொல்லை கோடையால் வருவதில்லை. பிப்ரவரியிலேயே பூத்துவிடும் அவசரத்தால் வருகிறது. உறைபனி, தூறல், தேனீ வெளியே வராத குளிர் எல்லாம் அந்த மாதத்தில்தான் சேர்ந்து நிற்கும். இச்சாகுபடியின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களோடு மனிதர் நடத்திய மல்லுக்கட்டு எனலாம்.

காட்டுப் பாதாம் கசப்பானது. அதிலுள்ள அமிக்டலின் என்னும் பொருள் சிதைந்து சயனைடு உண்டாகும். இனிப்பு மரங்களை மனிதர் முதலில் தேர்ந்து வளர்த்தது மேற்காசியாவிலா, இன்னும் கிழக்கே மத்திய ஆசியாவிலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கசப்பு மறைந்ததற்கு ஒரே ஒரு மரபணு மாற்றம் காரணம் என 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையில் பாதாம் கிடைத்துள்ளது.

1769 முதல் கலிபோர்னியாவில் மடங்கள் நிறுவிய ஸ்பானியப் பாதிரியார்கள் பாதாமையும் கொண்டுவந்து நட்டனர். கடற்கரையின் மூடுபனியும் ஈரமும் ஒத்துக்கொள்ளாமல் அம்மரங்கள் செழிக்கவில்லை. பிறகு 1840களில் அமெரிக்கக் கிழக்குக் கரை வழியாக ஐரோப்பிய இரகங்கள் வந்தன. லாங்குடாக் என்ற பிரெஞ்சு இரகம் பரவலாக நடப்பட்டது. மரம் நன்றாக வளரும், பூக்கும், காய்ப்பு மட்டும் ஏமாற்றும் என்பதே அக்கால விவசாயிகளின் பொதுப் புகார்.

திருப்பம் வந்தது சான் பிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே உள்ள சூசன் பள்ளத்தாக்கில். அங்கே பண்ணை வைத்திருந்த ஏ. டி. ஹாட்ச் என்பவரின் நாற்றுகளிலிருந்து நான்பரேல், ஐ.எக்ஸ்.எல்., நே பிளஸ் அல்ட்ரா ஆகிய இரகங்கள் பிறந்தன. பெயர் வைப்பதில் ஹாட்ச் அடக்கம் காட்டவில்லை; மூன்றும் (‘இணையற்றது’, ‘நான் விஞ்சுகிறேன்’, ‘இதற்கு மேல் இல்லை’) தற்பெருமைப் பெயர்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: ஒட்டுக்கட்ட வேர்ச்செடி வேண்டி விதை ஊன்றி வளர்த்த நாற்றுகளில் சில ஒட்டுக்கட்டாமல் விடுபட்டுப்போயின, அவை காய்த்தபோதுதான் அருமை தெரிந்தது. பெரும்பாலான பதிவுகள் 1879 என்ற ஆண்டைத் தருகின்றன. அதை நாற்று வளர்த்த காலமாகக் கொள்வோரும் உண்டு, இரகம் வெளியான காலமாகக் கொள்வோரும் உண்டு. ஒட்டுக்கட்டியிருந்தால் வெட்டுண்டு போயிருக்கும் நாற்று ஒன்று, அதாவது நான்பரேல், இன்றளவும் மாநிலத்தின் முதன்மை இரகமாக இருப்பது தோட்டக்கலை வரலாற்றில் அடிக்கடி காணாத நிகழ்ச்சி. நான்பரேலின் ஓடு விரலால் நசுக்கினாலே உடையும். பருப்பு தட்டையாக, வழவழப்பாக, நிறம் வெளிறியிருக்கும்.

1889இல் ஈ. ஜே. விக்சன் எழுதிய கலிபோர்னியப் பழமரங்கள் பற்றிய நூலும், 1918இல் ஆர். எச். டெய்லர் வெளியிட்ட பாதாம் பற்றிய கலிபோர்னியப் பல்கலைக்கழக அறிக்கையும் இக்காலத்துக்கு நல்ல சான்றுகள். அறுவடை முறை டெய்லரிடம் விரிவாகக் கிடைக்கிறது. மரத்தடியில் படுதா விரிப்பார்கள். கிளைகளை நீண்ட கழியால் தட்டுவார்கள், அல்லது மெத்தை சுற்றிய கொட்டாப்புளியால் அடிப்பார்கள். பட்டை காயப்பட்டால் மரம் கெடும் என்பதால் அடியில் நிதானம் வேண்டும். பல இடங்களில் படுதாவைச் சறுக்குவண்டி மேல் கட்டிக் குதிரை பூட்டி மரத்துக்கு மரம் இழுத்துச் செல்வார்கள். மேல்தோல் உரித்த பின் தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். சந்தையில் ஓடு பளிச்சென்று இருந்தால்தான் விலை. ஆகவே காய்களை இலேசாக நனைத்து மூடிய அறையில் கந்தகப் புகை காட்டுவார்கள். ஈரம் கூடிவிட்டால் புகை பருப்புவரை இறங்கிச் சுவை கெடும். இந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர்களுக்கு மதிப்பு இருந்தது.

காய்ப்புப் புதிர் 1919இல் அவிழ்ந்தது. டேவிஸில் இருந்த பல்கலைக்கழகப் பண்ணையைச் சேர்ந்த டபிள்யூ. பி. டஃப்ட்ஸ் பாதாம் மகரந்தச் சேர்க்கை குறித்து அந்த ஆண்டு அறிக்கை வெளியிட்டார். பயிரிடப்பட்ட இரகங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. வேறு இரகம் பக்கத்தில் நின்று அதே நாட்களில் பூக்கவேண்டும். அதிலும் சில இணைகள் ஒன்றையொன்று ஏற்பதில்லை. நான்பரேலும் ஐ.எக்ஸ்.எல்.லும் அப்படிப்பட்ட இணை: ஹாட்சின் இரு பிள்ளைகளை மட்டும் நம்பித் தோப்பு போட்டவருக்குப் பலன் கிட்டாது. வரிசைக்கு வரிசை இரகம் மாற்றி நடும் பழக்கமும், பூக்கும் பருவத்தில் தேனீப் பெட்டி வாடகைக்கு எடுக்கும் பழக்கமும் இந்த அறிவால் ஊன்றின.

விற்பனையிலும் இதே காலத்தில் மாற்றம் ஏற்பட்டது. 1897இல் டேவிஸ்வில்லில் (இன்றைய டேவிஸ்) தொடங்கிய விவசாயிகள் சங்கமே மாநிலத்தின் முதல் பாதாம் கூட்டுறவு எனக் கருதப்படுகிறது. 1910இல் சாக்ரமெண்டோவைத் தலைமையிடமாகக் கொண்டு கலிபோர்னியப் பாதாம் விவசாயிகள் பரிவர்த்தனை நிறுவப்பட்டது. பின்னாளில் இது புளூ டைமண்ட் என்று பெயர் மாறியது.

பாதாமுக்குத் தண்ணீரே வேண்டாம், மலையடிவார வறட்டு மண் போதும் என்ற நம்பிக்கையில் அந்நாளில் பல தோப்புகள் நடப்பட்டன. மரம் வறட்சியைத் தாங்கியது; மகசூல் தாங்கவில்லை. சாகுபடி மெல்லப் பாசன நிலத்துக்கு இறங்கியது.

1942இல் பாதாம் பருப்பையும் தின்னும் நேவல் ஆரஞ்சுப் புழு கலிபோர்னியாவில் காணப்பட்டது. அப்புழு குளிர்காலத்தில் தங்குவது மரத்தில் எஞ்சிய உலர்காய்களில் என்பதால் அவற்றை அப்போதே தட்டி அகற்றுவது அதன் பிறகு முக்கிய வேலையாயிற்று. 1950இல் கூட்டாட்சி விற்பனை ஆணையின் கீழ் பாதாம் வாரியம் அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இயந்திர உலுக்கிகள் வந்து கழியும் கொட்டாப்புளியும் ஓய்வு பெற்றன. நூற்புழு மிகுந்த மணற்பாங்கான நிலங்களில் நெமாகார்டு என்ற பீச் வேர்ச்செடி பரவியது. 1960களுக்குப் பின் மாநில நீர்த்திட்டக் கால்வாய்கள் தெற்கே தண்ணீர் கொண்டுசென்றதும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப்புறமும் கெர்ன் மாவட்டமும் தோப்புகளாயின.

கலிபோர்னியாவில் விளையும் பருப்பை வட அமெரிக்காவில் கிருமிநீக்கம் செய்தே விற்கவேண்டும் என்பது 2007 முதல் பொது விதி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் அமெரிக்காவின் வணிகத் தேனீப் பெட்டிகளில் பாதிக்கு மேல் இத்தோப்புகளுக்கு லாரியில் வருகின்றன. ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. 2012–16 வறட்சியின்போது பாதாமின் நீர்த்தேவை பெரும் சர்ச்சையானது. ஒரு பருப்புக்கு ஒரு கேலன் (சுமார் 4 லிட்டர்) என்ற கணக்கு அப்போது பரவியது. 2019 ஆய்வு ஒன்று அதை ஏறத்தாழ 12 லிட்டர் என்றது. மழைநீரையும், மாசைக் கரைக்கத் தேவைப்படும் நீரையும் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து எண் மாறும். அந்த வறட்சியின் நடுவே, 2014இல், நிலத்தடி நீர்ப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது.

2020இல் விளைச்சல் 300 கோடி பவுண்டைத் தாண்டியது. அதைத் தொடர்ந்து விலை சரிந்து பழைய தோப்புகள் பல பிடுங்கப்பட்டன. ஓட்டோடு ஏற்றுமதியாகும் பாதாமுக்கு இந்தியாவே மிகப்பெரிய சந்தை. இறக்குமதியான காய்களில் பெரும்பகுதி இங்கே உடைக்கப்பட்டுப் பருப்பாக விற்பனைக்குப் போகிறது. மோடெஸ்டோவைச் சேர்ந்த ஜெய்கர் நிறுவனம் உருவாக்கிய இண்டிபெண்டன்ஸ் என்னும் இரகம் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். புதிய நடவுகளில் அதன் பங்கு கூடிவருகிறது.