கான்சலின் கோரிக்கையும் துறைமுகத்தின் சிறையும்

நியூயார்க் நகருக்கு எதிரே, ஹட்சன் ஆற்றின் மறுகரையில் உள்ளது ஜெர்சி சிட்டி. 1886ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பெல்ஜியக் கொடி தாங்கிய நூர்ட்லாண்ட் என்னும் நீராவிக் கப்பல் அந்நகரின் துறையில் நின்றிருந்தது. அதன் கீழ்த்தளத்தில் மாலுமிகளிடையே சண்டை மூண்டது. வில்டன்ஹஸ் என்னும் பெல்ஜியர், தம்மோடு வேலை செய்த மற்றொரு பெல்ஜியரைக் கத்தியால் குத்திக் கொன்றார். நகரக் காவல்துறையினர் கப்பலேறி அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தனர்.

இதில் ஐயத்திற்கு இடமேது என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் பெல்ஜிய நாட்டுக் கான்சல் நீதிமன்றத்தை அணுகி, ஆட்கொணர் மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். கொன்றவர் எங்கள் நாட்டவர், இறந்தவரும் எங்கள் நாட்டவர், கப்பல் எங்களுடையது, கரையில் இருந்தோர் எவருக்கும் இதனால் தொல்லையில்லை, ஆகவே அவரை எங்களிடம் ஒப்படையுங்கள் என்பதே அவர் வாதம். அவர் வெறுங்கையுடன் வரவில்லை. 1880ஆம் ஆண்டு அமெரிக்காவும் பெல்ஜியமும் செய்துகொண்ட உடன்படிக்கை, வணிகக் கப்பலின் உள் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பைக் கான்சலிடமே விட்டிருந்தது. கப்பல் தலைவருக்கும் மாலுமிகளுக்கும் இடையே எழும் பூசல்களை, சிறப்பாகச் சம்பள வழக்குகளை, அவர் ஒருவரே விசாரிக்கலாம். துறைமுகத்தின் பொது அமைதி குலைந்தாலன்றி, அல்லது கப்பலைச் சாராத ஒருவர் அதில் தொடர்புற்றிருந்தாலன்றி, உள்ளூர் அதிகாரிகள் தலையிடலாகாது.

இவ்வழக்கத்திற்கு ஒரு முன்வரலாறு உண்டு. நெப்போலியன் காலத்தில் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பற்றிய சச்சரவு பிரான்சில் எழுந்தது. நியூட்டன் என்னும் கப்பல், அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஆண்ட்வெர்ப் துறையில் நின்றது. அதன் படகில் இரு மாலுமிகள் அடித்துக்கொண்டனர். மர்சேய் துறையில் நின்ற சாலி என்னும் கப்பலிலோ, உத்தரவின்றிப் படகை எடுத்த மாலுமி ஒருவரைத் துணை அதிகாரி கடுமையாகக் காயப்படுத்தினார். இரண்டிலும் உள்ளூர் நீதிபதியும் அமெரிக்கக் கான்சலும் விசாரிக்கும் உரிமை தமக்கே என்றனர். பிரெஞ்சு அரசின் ஆலோசனை மன்றம் 1806ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் கான்சல்களின் பக்கமே தன் கருத்தை உரைத்தது. துறைமுகத்தின் அமைதி கெடாதவரை, கப்பலின் வீட்டுச் சண்டையில் அண்டைவீட்டார் புகவேண்டாம் என்பது அதன் உட்பொருள். பின்வந்த உடன்படிக்கைகள் பலவற்றில் இதே எண்ணத்தைக் காண்கிறோம்.

நூர்ட்லாண்ட் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1887ஆம் ஆண்டு தலைமை நீதிபதி வெயிட் தீர்ப்பளித்தார். அமைதி குலைந்ததா என்பதை எழுந்த கூச்சலைக்கொண்டு அளக்கலாகாது. கொலை என்னும் குற்றம், கீழ்த்தளத்தின் இருளில் நடந்தாலும், செய்தி வெளியான அளவிலேயே ஊரார் மனத்தைக் கலக்கும் தன்மையுடையது. ஆகவே அது கான்சலின் எல்லைக்கு உட்பட்டதன்று. கான்சலின் மனு தள்ளப்பட்டது.

கொலைக்கு எல்லை வகுத்தாயிற்று. ஆனால் மாலுமிகளின் அன்றாடத் துன்பம் கொலை அன்று. சம்பளமும் உணவும் கப்பல் தலைவரின் கைப்பிரம்புமே. இவற்றால் ஊரார் மனம் கலங்குவதில்லை. எனவே இவை கான்சலிடமே நின்றுவிட்டன. பிரஷ்யாவைச் சேர்ந்த எல்வின் கிரெப்ளின் என்னும் கப்பலின் மாலுமிகள் நியூயார்க்கில் சம்பள வழக்குத் தொடுத்தபோது, 1828ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இது கான்சல் தீர்க்கவேண்டியது என்று 1872இல் மேல்நீதிமன்றம் கதவை அடைத்தது. ஊர் திரும்பியபின் சொந்த நாட்டு நீதிமன்றத்தை நாடலாம் என்று அவ்வுடன்படிக்கை ஆறுதல் கூறியது. கையில் காசில்லாத மாலுமிக்கு அது எத்துணை தொலைவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்நாளில் கான்சல்கள் பலர் தாமே வணிகர்களாய் இருந்தனர் என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நலம்.

கான்சலுக்குத் தீர்ப்புரைக்கும் வாய் இருந்தது. பிடித்து அடைக்கும் கை இல்லை. அந்தக் கையை உள்ளூர் நீதிமன்றம் கடன் கொடுத்தது. இதற்கென்றே 1864இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. கான்சல் எழுத்து மூலம் கேட்டால், நீதிபதி பிடியாணை பிறப்பிப்பார். கப்பலை விட்டு ஓடியவர் ஊர்ச்சிறையில் கிடப்பார். செலவைக் கேட்டவரே ஏற்பார்.

இதன் முழு வடிவத்தை லியோ அலெக்சாண்ட்ராஃப் வழக்கில் பார்க்கிறோம். பிலடெல்பியாவில் ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்டுவந்த வர்யாக் என்னும் போர்க்கப்பலில் பணியாற்ற 1899இல் அனுப்பப்பட்டவர் அவர். மறு ஆண்டு நியூயார்க்குக்குச் சென்று, அமெரிக்கக் குடிமகனாக விரும்புவதாக அறிவித்துவிட்டு, வேறு வேலையில் அமர்ந்தார். ரஷ்யத் துணைக் கான்சலின் கோரிக்கையின்பேரில் பிடிபட்டார். கட்டி முடியாதது கப்பலாகுமா என்ற கேள்வி எழுந்தது. கீழ்நீதிமன்றங்கள் அவரை விடுவித்தன. உச்ச நீதிமன்றமோ, நீரில் இறக்கிய நாளே கப்பல் பிறந்துவிட்டது என்று கூறி, 1902இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவரை ஒப்படைக்கவேண்டும் எனத் தீர்த்தது. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி பிரவுன், அடிமைமுறையை ஒழித்த அரசியல் திருத்தம் மாலுமியின் ஒப்பந்தத்தைத் தொடாது என்று 1897இல் எழுதியவரும் ஆவார். அன்று தனியொருவராய் மறுத்துரைத்த நீதிபதி ஹார்லன், இவ்வழக்கிலும் எதிர்ப்பக்கமே நின்றார். நம் மனம் அவரோடு செல்கிறது.

நீதிமன்றம் திறக்காத கதவைச் சட்டமன்றம் திறந்தது. நார்வேயில் பிறந்து, தாமே மாலுமியாய் உழைத்த ஆண்ட்ரூ ஃபியூரூசெத் பல்லாண்டுகள் மன்றாடியதன் பயனாக, செனட்டர் லா ஃபாலெட்டின் மாலுமிகள் சட்டம் 1915ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் கையெழுத்தானது. கப்பலை விட்டு நீங்கியதற்காகச் சிறையிடுவது ஒழிந்தது. அதற்கு இடந்தந்த உடன்படிக்கைப் பிரிவுகளை முடிவுக்குக் கொண்டுவரவும் ஆணையிடப்பட்டது. துறையை அடைந்ததும் ஈட்டிய சம்பளத்தில் பாதியைக் கேட்கும் உரிமை அயல்நாட்டுக் கப்பல் மாலுமிகளுக்கும் கிடைத்தது. பென்சகோலா துறையில் ஸ்டிராத்எர்ன் என்னும் பிரிட்டிஷ் கப்பலின் மாலுமி அவ்வாறு கேட்டது சரியே என்று 1920இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

கான்சலின் பணி அத்துடன் மறைந்துவிடவில்லை. 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் மாலுமிகளின் பூசல்களைத் தீர்ப்பதை அவர் கடமைகளுள் ஒன்றாய்க் குறிக்கிறது. ஆனால் உள்ளூர் அதிகாரிகளின் உரிமைக்கு ஊறு நேராமல் என்ற சொற்களைச் சேர்த்தே குறிக்கிறது. இன்று கொடி ஒரு நாட்டினது, உரிமையாளர் வேறு நாட்டினர், உழைப்போர் இன்னும் பல நாட்டினர். இத்தகைய கப்பல்களில் எந்தக் கான்சலைத் தேடுவது? 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, மாலுமி தாமே துறைமுக ஆய்வு அதிகாரியிடம் முறையிடலாம். முறையிட்டவர் யார் என்பதை அவ்வதிகாரி வெளியிடலாகாது.