திரையிலே தமிழெழுத்து: கணினி இடைமுகப் பாணிகளின் வளர்ச்சியும் இலங்கை அனுபவமும்

கொழும்பு மாநகரின் வடகிழக்கே, பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்குமிடத்தில் அமைந்தது ஒருகொடவத்தை. துறைமுகத்தின் தொழிலோடு பிணைந்த அப்பகுதியிலே சுங்கத் திணைக்களத்தின் கொள்கலன் முற்றம் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பயிற்சி நிறுவனமும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்னர் இத்தகைய இடங்களிற் பொதுமகன் அரசைச் சந்தித்தது கருமபீடத்தின் முன்னிலையிலாகும். படிவமும் முத்திரையும் எழுதுவினைஞருமே அக்காலத்து ஆட்சியின் முகங்கள். இன்று அக்கருமபீடத்தின் இடத்தைத் திரை பெற்றுவருகின்றது.

கணினிக்கும் மனிதனுக்கும் இடையே நிற்கும் தோற்றப்பரப்பு இடைமுகம் எனப்படும். அது காலத்துக்குக் காலம் தன் கோலத்தை மாற்றி வந்துள்ளது. இம்மாற்றங்களை வெறும் அழகியல் நாகரிகங்களாகக் கொள்வோர் பலர். ஆயின், ஒவ்வொரு பாணியும் எவருடைய எழுத்தை அளவுகோலாகக் கொண்டு அமைக்கப்பட்டது, அவ்வளவுக்குள் ஏனையோரின் எழுத்து எங்ஙனம் அமர்ந்தது என்னும் வினாக்களோடு நோக்குமிடத்து, அவ்வரலாறு மொழியுரிமையின் வரலாறாகவும் விரிவதைக் காணலாம்.

கருவியும் வடிவமும்

எழுதுகருவி எழுத்தின் வடிவத்தை நிருணயிப்பது தமிழுக்குப் புதியதன்று. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்றஞ்சிப் புள்ளியிடாது எழுதும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடுகளைத் தெளிவாகக் காட்டும் வடிவங்களை வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்தார். 1578இற் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதலாகத் தமிழெழுத்து ஈயத்திலும் உருப்பெற்றது. யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சியந்திரசாலை தமிழச்சு வரலாற்றிற் குறிப்பிடத்தக்க இடம்பெறுவது.

இவ்வழியிலே தட்டச்சுப் பொறிக்குத் தமிழைப் பொருத்தியவர் யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா. ஆங்கில எழுத்துகளுக்கெனச் செய்யப்பட்ட பொறியிலே இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை அடக்குதல் எளிதன்று. தாள் நகராது மேலெழுத்துக் குறியைப் பதிக்கும் நகரா விசைகளினால் அவ்விடரை அவர் வென்றார். அந்நியக் கருவிக்குள் தமிழை நுழைக்க வேண்டிய கட்டாயமும், அதனாற் பிறந்த நுண்ணறிவும் பின்வந்த கணினி வரலாற்றிலும் தொடர்ந்தன.

பெட்டிக்குள் எழுத்து

ஆரம்பகாலக் கணினித் திரையிற் படமில்லை; எழுத்து மட்டுமே உண்டு. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் திரை வரிக்கு எண்பது எழுத்தாக இருபத்தைந்து வரிகளைக் காட்டிற்று. அதன் வண்ணத்திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் வாய்த்தது எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமுமுடைய சிறு பெட்டியாகும். ஆங்கில எழுத்து அதனுள் அமைந்தது. தமிழிலோ டகரமும் ணகரமும் ஓரகலத்தன அல்ல. ஈகாரக் குறி மேலே எழும், ஊகாரக் குறி கீழே இறங்கும். அச்சிறு பெட்டியுள் இவை தம் உருவோடு அடங்குதல் அரிது.

இத்தகைய சூழலிலேயே 1982ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தல் முடிவுகள் தொலைக்காட்சித் திரையில் மும்மொழிகளிலும் காட்டப்பட்டன. அதனை ஆற்றியவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவும் அவர்தம் குழுவினருமாவர். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் நிழல் நீங்காதிருந்த காலம் அது. தமிழை ஆட்சிமொழியாக்கிய பதின்மூன்றாம் திருத்தம் 1987இலேயே நிறைவேறிற்று. சட்டம் ஏற்குமுன்னர் திரை தமிழை ஏற்றமை மனங்கொளத்தக்கது.

மேசையும் சாளரமும்

எழுத்துத் திரையை மாற்றியமைத்தது சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடம். 1973இல் உருவான ஆல்டோ, 1981இன் ஸ்டார் ஆகிய பொறிகள் அலுவலக மேசையையே திரைக்குக் கொணர்ந்தன. கோப்பு, கோப்புறை முதலியன சிறு படங்களாயின. அப்பிள் நிறுவனத்தின் மக்கின்தொஷ் 1984இல் இம்முறையைப் பரவலாக்கிற்று. சூசன் கேர் என்னும் ஓவியர் முப்பத்திரண்டு புள்ளிச் சதுரத்துள் அதன் படவுருக்களை வரைந்தார். மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் 1985இல் தோன்றி, 1995இன் பதிப்போடு உலகெங்கும் பரவிற்று. சாம்பல் நிறமும் புடைத்த விளிம்புமுடைய அதன் பொத்தான்கள் ஒரு தலைமுறையின் கண்ணிற் பதிந்தன.

இப்பாணி தமிழுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் தனித்து வரையப்படக்கூடியதானமையால், எழுத்து பெட்டியினின்றும் விடுதலை பெற்றது. ஆங்கில எழுத்தின் குறியெண்ணிலே தமிழ் வடிவத்தை வைக்கும் எழுத்துருக்கள் பெருகின. அவற்றுள் ‘பாமினி’ இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெருவழக்காயிற்று. எனினும் அது முகமூடியே. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றியது கணினிக்கு ஆங்கில எழுத்துக் கோவையாகவே இருந்தது. எழுத்துரு இல்லாத பொறியிலே பொருளற்ற குறிகளாகச் சிதறிற்று.

இதற்குத் தீர்வும் சீரொக்ஸிலிருந்தே முளைத்தமை வரலாற்றின் விந்தை. அங்குப் பணியாற்றிய யோசப் பெக்கர் 1988இல் ஒருங்குறித் திட்டத்தை முன்மொழிந்தார். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. சிங்களம் 1999இல் இணைந்தது. இலங்கையின் சொந்த நியமங்களை நோக்கின் வரிசை தலைகீழாகும். சிங்களத்துக்கான நியமம் 1996இல் வந்தது. தமிழுக்குரிய இலங்கைத் தர நியமம் 1326 வெளியானது 2008இலாகும். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் பேசும் குடிமகனுக்குச் சிறிய கால அளவல்ல.

போலிப் பொருளும் தட்டைப் பாணியும்

2007இல் ஐபோன் தோன்றியபின் திரை கைக்குள் வந்தது. அக்காலத்து இடைமுகம் உண்மைப் பொருள்களைப் போலச் செய்வதில் மகிழ்ந்தது. குறிப்பேடு மஞ்சட்டாளாகவும், நூல் மர அடுக்கில் இருப்பதாகவும், பொத்தான் கண்ணாடிபோல் மினுங்குவதாகவும் வரையப்பட்டன. புதியவருக்கு அறிமுகமான பொருளைக் காட்டி அச்சம் நீக்குவது அப்பாணியின் பயன்.

பழக்கம் வளர்ந்தபின் அலங்காரம் சுமையாயிற்று. மைக்ரோசொப்ட்டின் கைப்பேசி 2010இலும், அப்பிளின் ஏழாம் பதிப்பு 2013இலும், கூகிளின் வடிவமைப்பு நெறி 2014இலும் இதனைக் கைவிட்டன. நிழலும் புடைப்பும் குறைந்து, தட்டையான நிறப்பரப்பும் மெல்லிய எழுத்தும் மேலோங்கின. 2025இல் அப்பிள் மீண்டும் ஒளி ஊடுருவும் கண்ணாடித் தோற்றத்துக்குத் திரும்பியமை, நாகரிகம் வட்டமாகச் சுழல்வதற்குச் சான்றாகும்.

தட்டைப் பாணியில் அலங்காரம் நீங்க, சொல்லே பொத்தானாயிற்று. பொருளுணர்த்தும் பொறுப்பு முழுவதும் எழுத்தின்மேல் விழுந்தது. இங்கேதான் தமிழின் இடர் கூர்மையடைகின்றது. மெல்லிய சிற்றெழுத்திலே மெய்யின் புள்ளி மங்கினால் ‘பல்’ ‘பல’ ஆகும். வீரமாமுனிவர் வகுத்த கொம்பின் சுழி மறைந்தால் ‘பேறு’ ‘பெறு’ ஆகும். ஓலைக்காலத்து மயக்கம் ஒளித்திரையிலே மறுபிறவி எடுக்கின்றது.

இதனினும் பெரிய இடர் இலக்கணம் சார்ந்தது. ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அமைத்த பொத்தானிலே தமிழ்ச் சொல் அடங்காதபோது, அதன் இறுதியை வெட்டி மூன்று புள்ளிகளை இடுவது வழக்கம். ஆங்கிலத்தில் எதிர்மறை வினைக்கு முன்னே வரும். தமிழிலோ அது இறுதியில் நிற்கும். ‘நீக்க வேண்டாம்’ என்பது ‘நீக்க…’ என நின்றால் ஏவல் தலைகீழாகும். ‘ஏற்றுக்கொள்ளப்படவில்லை’ என்பது ‘ஏற்றுக்கொள்ளப்பட…’ என நின்றால் விண்ணப்பித்தவன் நிராகரிப்பை அனுமதியென்று கொள்வான். மொழிபெயர்ப்புப் பிழையற்றதாயினும் செய்தி பொய்யாகிவிடுகின்றது. மொழிச்சட்டத்தைச் சொல்லளவிற் கடைப்பிடித்த ஓர் இடைமுகம், பொத்தானின் அகலத்தால் அதனை மீறக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

பெட்டிக் காலத்திலே தமிழுக்கு இடமில்லை; சாளரக் காலத்திலே முகமூடியோடு இடம் கிடைத்தது; ஒருங்குறி அம்முகமூடியைக் களைந்தது. இன்று எஞ்சியிருப்பது அளவின் சிக்கலாகும். பொத்தானின் அகலம், வரியின் உயரம், எழுத்தின் தடிப்பு ஆகியவற்றை ஆங்கிலத்துக்கு வகுத்துவிட்டுத் தமிழைப் பின்னர் ஊற்றுவது வடிவமைப்பன்று. அது விருந்தினரை வாயிலில் நிறுத்திவைப்பதற்கு ஒப்பாகும். மும்மொழிச் சொற்களையும் முதலிலேயே வைத்து அளந்து, அவற்றுள் நீண்டதற்கு ஏற்பப் பரப்பை அமைப்பதே முறை. இதற்கு வேண்டுவன பெரும் பொருட்செலவல்ல. வரைவோர் மேசையிலே தமிழறிந்த ஒருவருக்கும் சிங்களம் அறிந்த ஒருவருக்கும் இடமளிக்கும் வழக்கமேயாகும். ஒருகொடவத்தையின் பயிற்சிக் கூடங்கள் போன்றவற்றிற் கைத்தொழில் கற்கும் இளைஞர் நாளைய திரைகளின் முன்னே அமரப்போகின்றவர். திரையின் கோலம் இன்னும் பலமுறை மாறும். அம்மாற்றங்கள் அனைத்தினூடாகவும் ஒரு சொல்லின் கடைசி எழுத்துவரை அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றதா என்பதே எப்பாணிக்கும் உரைகல்லாகும்.