ஹஜ் பாதைகள் சொல்லும் பாடம்: ஒட்டகம் முதல் மின்ரயில் வரை

ஹஜ்ஜுக்காக மக்களை அழைக்குமாறு இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் கட்டளையிட்டதைத் திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 27ஆம் வசனம் எடுத்துரைக்கின்றது. நடந்தும், தொலைதூரப் பயணத்தால் மெலிந்த ஒட்டகங்களின் மீதும் மக்கள் வருவார்கள் என்பது அங்கே கூறப்படும் செய்தி. நடந்து வருவோரே முதலில் குறிப்பிடப்படுகின்றனர் என்பது நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று. அவ்வழிகளின் வரலாறு, பூமியைப் பாழாக்காமல் பயணம் செய்வது எப்படி என்ற இன்றைய கேள்விக்கும் வெளிச்சம் தருகின்றது.

அப்பாசிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அவர்கள், இராக்கின் கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியைச் சீர்செய்யப் பெரும்பொருள் ஈந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்து நீளும் அவ்வழியில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைந்தன. ‘தர்பு ஜுபைதா’ என்று அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. நடப்பவருக்கும் சுமக்கும் விலங்குக்கும் தண்ணீர் கிடைக்கச் செய்வதே அன்றைய சாலைப் பணியாக இருந்தது.

அடுத்த பெரும் மாற்றம் 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், டமாஸ்கஸிலிருந்து புனித நகரங்களுக்கு ஹிஜாஸ் ரயில்பாதையை அறிவித்தார். இந்தியா உள்ளிட்ட பல நாட்டு முஸ்லிம்கள் அதற்கு நன்கொடை அனுப்பினர். அது சமுதாயத்தின் வக்ஃப் சொத்தாகவே கருதப்பட்டது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1908இல் மதீனாவை எட்டியது. ஒட்டகக் கூட்டத்துடன் சுமார் 40 நாட்கள் பிடித்த பயணம் சில நாட்களாகச் சுருங்கியது.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. ஹாஜிகளுக்கு ஒட்டகங்களை வாடகைக்கு விட்டு வாழ்ந்த பதூவீ குலத்தார் தம் பிழைப்புக்கு ஆபத்து வந்ததாக அஞ்சி எதிர்த்தனர். மக்கா வரை பாதை போடப்படவே இல்லை. முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைப்பது அரிதாகவே, ரயில் எஞ்சின்களுக்கு விறகாக்க ஷாம் நாட்டின் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. பல்லாயிரம் பேரின் சதகாவால் உருவான வாகனமே மரங்களை விழுங்கிற்று. நோக்கம் தூயதாயினும், வழிமுறையையும் எடைபோட வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

போரில் சிதைந்த அப்பாதையின் தென்பகுதி மீண்டும் நிலையாக இயங்கவில்லை. பின்வந்த காலம் மோட்டார் வாகனங்களின் காலமாயிற்று. மினாவிலும் அரஃபாத்திலும் பேருந்துகள் மணிக்கணக்கில் தேங்கிப் புகை கக்கின. அந்நிலையை மாற்றவே 2010இல் மஷாஇர் மெட்ரோ தொடங்கப்பட்டது. அரஃபாத், முஜ்தலிஃபா, மினா ஆகியவற்றை இணைக்கும் சுமார் 18 கிலோமீட்டர் பாதையில் ஒன்பது நிலையங்கள் உள்ளன. ஒரே ரயிலில் ஏறத்தாழ 3,000 பேர் செல்கின்றனர். 2018இல் மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் 450 கிலோமீட்டர் ஹரமைன் மின்ரயில் திறக்கப்பட்டது. அது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை செல்ல வல்லது.

இவற்றுக்கான மின்சாரமும் பெரும்பாலும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தே கிடைக்கின்றது என்பது உண்மை. எனினும், ஆயிரக்கணக்கானோர் ஒரே வாகனத்தில் செல்லும்போது ஒருவர் பங்கில் விழும் எரிபொருளும் புகையும் வெகுவாகக் குறைகின்றன. அரஃபாத்தில் நடப்பட்டுள்ள வேப்ப மரங்களையும் நாம் நினைவுகூரலாம். நம் முற்றத்து மரம் அங்கே ஹாஜிகளுக்கு நிழல் தருகின்றது. நிழல் இருந்தால் மனிதர் நடக்கவும் துணிவர்.

அரஃபாத்திலிருந்து திரும்புகையில், தமக்குப் பின்னால் மக்கள் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அமைதி காக்குமாறும், விரைந்தோடுவதில் நன்மை இல்லை என்றும் அறிவுறுத்தினார்கள். பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ சலிமா குலத்தாரிடம், அவர்களுடைய காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்று கூறி, இருக்கும் இடத்திலேயே தங்கச் செய்தார்கள்.

இன்று நம் ஊர்களில் ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாசலை இருசக்கர வாகனங்கள் அடைத்து நிற்கின்றன. கூப்பிடு தூரத்திலிருந்தும் நாம் வண்டியில் வருகின்றோம். பதியப்படும் காலடிகளை நாமே இழக்கின்றோம். தெருவில் விளையாடும் பிள்ளைகள் அப்புகையைச் சுவாசிக்கின்றனர். நடக்க இயன்றவர் நடப்பதும், முதியோருக்கு மஹல்லா சார்பில் பொது வாகனம் ஏற்பாடு செய்வதும், பள்ளிவாசல் செல்லும் தெருக்களில் மரம் நடுவதும் நம் ஜமாஅத்தாரின் கைக்கு எட்டிய காரியங்களே. ஜுபைதா அம்மையாரின் கிணறுகளைப் போல, நாம் நடும் மரமும் நமக்குப் பின் வருவோருக்கு ஸதகத்துல் ஜாரியாவாக அமையும், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் காலடிகளை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.