வால்வு சூடும் வில்லியம்சன் கணக்கும்



வால்வு ஆம்ப்ளிஃபயர் ஏன் அடுப்பு மாதிரி சுடுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு.

1947-இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் டி.டி.என். வில்லியம்சன் ஓர் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டார். அதன் இரண்டு கேடி66 வால்வுகளின் கேத்தோடைச் சூடாக்கவே 16 வாட். ஆனோடுக்குச் சுமார் 450 வோல்ட், 125 மில்லியாம்பியர். அதாவது 56 வாட். ஸ்பீக்கருக்குக் கிடைப்பதோ அதிகபட்சம் 15 வாட். மீதியெல்லாம் வெப்பம்தான்.

பாட்டு நின்றாலும் மின்செலவு குறையாது. ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய பங்கும் வால்விலேயே தங்குவதால், அப்போதுதான் அது இன்னும் சுடும். ஆற்றல் அழியாது என்று வகுப்பில் படித்தோமே, அதுதான் இது.

ஒலிச் சிதைவை 0.1 சதவீதத்துக்குள் நிறுத்த அவர் தெரிந்தே கொடுத்த விலை அந்தச் சூடு. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடேற்றும் இழையே வேண்டாம்.