தூக்குபவரும் கணக்கில் வந்த கதை

நடக்க முடியாத பிள்ளையைப் பாயிலிருந்து எடுத்துத் திண்ணையில் உட்காரவைப்பது, கொல்லைப்புறம் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவது, திரும்பக் கிடத்துவது எல்லாம் தஞ்சைப் பகுதி வீடுகளில் பெரும்பாலும் பெண்கள் கையில் விடப்பட்ட வேலை. நடவுக்கும் களையெடுப்புக்கும் தாய் போய்விட்டால் பாட்டியோ அக்காவோ தூக்க வேண்டும். பிள்ளைக்கு எடை கூடக்கூட, தூக்குபவருக்கு வயதும் கூடும். இந்த உழைப்பை வெகுகாலம் யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

மருத்துவம் பிள்ளையைத்தான் பார்த்தது. 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீசின் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பின்னாளில் அச்சங்கத்தின் பணியாளர்கள் வீடுதேடிப் போய்ப் பெற்றோருக்கே பயிற்சி கொடுத்தார்கள். பராமரிப்பவரின் சுமையையும் அளந்தார்கள். தமிழ்நாட்டில் பார்வை தூக்குபவர் பக்கமும் திரும்பியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சுமையோடு, தூக்குபவரின் நம்பிக்கையையும் அளக்கலாம். அந்த முறைக்கு வேர் வேறிடம். ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையே ஒருவரை அதில் இறங்கவைக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் எழுதினார். ‘தைரியம் உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. ஒவ்வொரு வேலையாகச் சொல்லி, 0 முதல் 100 வரை மதிப்பிடச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கேள்வித்தாளில் குளியல் தொட்டி வரும். தஞ்சை வீட்டுக்குத் தரைப்பாய், உயர்ந்த வாசற்படி, கொல்லைப்புறம், பேருந்துப் படிக்கட்டு வர வேண்டும்.

நம்பிக்கை வேறு, பக்குவம் வேறு. பழகிய தாய் முழு மதிப்பெண் சொல்லிவிட்டு, இடுப்பை வளைத்து, பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கக்கூடும். முழங்காலை மடக்கிக் குனிந்து, பிள்ளையை மார்போடு அணைத்து, ஒரு கையை முதுகுக்கும் மறு கையைத் தொடைக்கும் கொடுத்து எழுவதே சரி. உடல் விறைக்கும் பிள்ளையானால் முதலில் அதன் இடுப்பையும் முழங்காலையும் மெல்ல மடக்கினால் விறைப்பு தளரும். கேள்வியோடு நேரில் பார்ப்பதும் அதனால்தான் அவசியம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கூலி வாங்காமல் கவனிக்கும் பெற்றோரையும் உறவினரையும் பராமரிப்பாளர் என்றே வரையறுக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்களும் வீட்டுக்கு வருகிறார்கள். தூக்கும் விதத்தைச் சோதித்துத் திருத்த அந்த வருகையைவிட நல்ல நேரம் இல்லை.